நான்காம் துண்டு

புத்தகத்தின் முதுகில் பிளேடை வைத்து ஒரே இழுப்பு. அறுநூறு பக்க நாவல் இரண்டாகப் பிளந்து மேசைமேல் விழும். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் நாலு துண்டு. பார்க்கிறவர்கள் பதறுவார்கள், தையற்காரம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. ஊரார் உடைகளைப் பிரித்துப் பிரித்தே பழகிய கை அது. பிறகு ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பொத்தான் நூலால் இறுக்கித் தைத்து, மிச்சத் துணியில் ஒரு பட்டை ஒட்டி முடிப்பார். கடையில் வாங்கின புத்தகத்தைவிட அது உறுதியாக இருக்கும்.

இந்தக் கொலைபாதகத்துக்குக் காரணம் உண்டு. டயாலிசிஸ் அறையில் எட்டு நாற்காலிகள். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணியிலிருந்து நாலு மணி நேரம் இடது கையில் இரண்டு ஊசிகளோடு அசையாமல் சாய்ந்து கிடக்க வேண்டும். சிறுநீரகம் செய்ய மறந்த வேலையைப் பக்கத்தில் ஓர் இயந்திரம் முனகிக்கொண்டே செய்யும். மிச்சம் இருப்பது ஒரு கைதான். அந்த ஒற்றைக் கையால் அறுநூறு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், கால் மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். நூற்றைம்பது பக்கம் என்றால் கட்டைவிரலாலேயே புரட்டிவிடலாம். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அங்கே ஒரே நாவலை நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகத் துரத்திக்கொண்டு படிக்கிறார்கள்.

தையற்காரம்மாவின் இடம் மூன்றாம் நாற்காலி. வயது ஐம்பத்து மூன்று, இந்த நாற்காலிக்கு வந்து ஐந்து வருடம். மற்ற நாட்களில் தன் கடையில் பேன்ட்டின் உயரம் குறைப்பார், அறுந்த ஜிப் மாற்றுவார். இடுப்பளவு எடுக்க நாடாவைச் சுற்றும்போதே, “மூச்ச இழுக்காதீங்க. இப்ப என்ன கதை படிச்சிட்டிருக்கீங்க?” என்று ஒரே மூச்சில் கேட்பார். ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்கிறவரின் பேன்ட் ஒரு நாள் தாமதமாகத்தான் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

கதை என்றால் கதைதான். ஆஸ்பத்திரி என்றதும் எல்லோரும் நம்பிக்கையூட்டும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்படி ஒன்றைக் கொண்டுவந்த சொந்த அக்காவிடமே சொல்லிவிட்டார்: “இதோ பாருக்கா, நம்பிக்கை எங்கிட்டயே வேண்டிய மட்டும் கிடக்கு. எனக்கு ஒரு கொலை வேணும். இல்லாட்டி ரெண்டு பேரு வீட்ட விட்டு ஓடணும்.” அந்தப் புத்தகம் அறுபடக்கூட லாயக்கில்லாமல் முழுசாகத் திரும்பிப் போனது.

படித்தவர்கள் துண்டின் கடைசித் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் கேட்டு வாங்குவார். ‘நல்லா இருக்கு’ என்று எழுதத் தடை. “நல்லா இருக்குன்னு தலகாணியக்கூடச் சொல்லலாம். உங்கள என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க” என்பார். எட்டாம் நாற்காலிக் கணக்கு வாத்தியார் ஒரு துப்பறியும் நாவலில் எழுதினது: ‘கொலைகாரன் யாரென்று எண்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.’ ஏழாம் நாற்காலியில் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். காதல் கதை தவிர எதையும் தொடாதவர். குடும்பக் கதை ஒன்றை முக்கி முனகிப் படித்துவிட்டு, ‘இந்த மாமியாரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்’ என்று எழுதினார். அந்த வாரம் அந்தக் கதைக்கு அடிதடி.

ஐந்தாம் நாற்காலி லாரிக்காரருடையது. மைல் கல்லைத் தவிர வேறு எதையும் படித்தறியாத மனுஷர், வாய் திறந்து ஒன்று கேட்கத் தெரியாதவர். வாரத்தில் ஒரு நாளாவது மட்டம் போட்டுவிடுவார். அடுத்த முறை காலெல்லாம் வீங்கி, மூச்சிரைக்க வந்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். சும்மா கிடக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். தையற்காரம்மா ஒரு நாள் முதல் துண்டை அவர் மடியில் போட்டார். “பதிமூணு வருஷத்துக்கு முந்தி ஊர விட்டு ஓடின ஆளு திரும்பி வர்றாண்ணே. வீட்டுல கதவ யாரு தெறக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. புடிக்கலேன்னா தூக்கிக் கடாசுங்க.”

அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். மூன்று மாதம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் கதவைத் தட்டுகிறான், உள்ளே செருப்புச் சத்தம், வாக்கியம் பாதியில் நிற்கிறது.

“என்னம்மா, இங்க வந்து அறுத்திருக்கீங்க?”

“புதன்கிழமை வாங்கண்ணே, ரெண்டாம் துண்டு தர்றேன்.”

அத்தியாயம் முடிகிற இடத்தில் தையற்காரம்மா ஒருநாளும் அறுக்க மாட்டார். தேடிப் பிடித்து, வாக்கியம் நடுவில் முறிகிற தாளில்தான் பிளேடை வைப்பார். துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. அறை மூலையில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு வருடமாக லாரிக்காரர் ஒரு நாளும் மட்டம் போடவில்லை. புது மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் புது நிர்வாகி வந்தார். வேறொரு வார்டில் தொற்று பரவி, மேலிடத்திலிருந்து அவருக்கு ஓலை வந்திருந்தது. வெளித்தாள் எதுவும் டயாலிசிஸ் அறைக்குள் இருக்கக் கூடாது. புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு பையோடு வந்து பெட்டியைக் காலி செய்தார். லாரிக்காரர் கையில் இருந்த நான்காம் துண்டையும் உருவிக்கொண்டார். முப்பது பக்கம் பாக்கி இருந்தது. லாரிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாற்காலி காலி. தையற்காரம்மா ஒற்றைக் கையால் போன் போட்டார். எடுத்தவர் லாரிக்காரரின் மனைவி. “வர மாட்டேங்கறாரும்மா. அங்க வந்து மேல பாத்துட்டு கிடக்கறதுக்கு இங்கயே கிடந்து போறேங்கறாரு” என்று அழுதார்.

திங்கள்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் ஊதி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குத்தான் ஊசி ஏற்றினார்கள். அடுத்து சிஸ்டர் மூன்றாம் நாற்காலிக்கு வந்தபோது, தையற்காரம்மா இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“கை குடுங்கம்மா.”

“குடுக்க முடியாது. அவரோட துண்டு வரட்டும், அப்புறம் கை வரும்.”

சிஸ்டர் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு வெளியே உட்கார்ந்திருந்த மகளைக் கூட்டி வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மகள், “சார கூப்பிடுங்க சிஸ்டர், இவங்க அசைய மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் உடம்பில் அன்றைக்கு மூன்று கிலோ நீர் கூடுதலாக இருந்தது அவளுக்குத் தெரியும்.

எட்டு மணிக்கு நிர்வாகி வந்தார். கெட்டவர் இல்லை, அலுத்துப்போன மனிதர். “இது உங்க உயிரும்மா. ஒரு புத்தகத்துக்காகவா?”

“என் உயிரு சரி. அவரு உயிர யாரு பாக்கறது? வெள்ளிக்கிழமை ஏன் வரலேன்னு கேட்டீங்களா?”

நிர்வாகி லாரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வழி தோன்றியது போலக் குரலைத் தணித்தார். “நீங்கதான் முழுசாப் படிச்சாச்சே. முடிவ வாயால சொல்லிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். வரப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும்.

“வாயால சொல்றதா?” தையற்காரம்மாவுக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “எழுத்துக் கூட்டிக் கூட்டி ஐநூத்தி எழுபது பக்கம் ஏறி வந்த மனுஷன் சார் அவரு. முடிவ நான் சொல்றதா? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க போகாதீங்க, நான் போய்ட்டு வந்து ரெண்டு நிமிஷத்துல சொல்றேன், சரியா?”

தபால் ஆபீஸ் அம்மாள் கிளுக்கென்று சிரித்துவிட்டார். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். தொற்று பயம் நியாயமானதுதான் என்று தையற்காரம்மாவே ஒப்புக்கொண்டார். துண்டுக்குத் துண்டு பிளாஸ்டிக் உறை தைத்துத் தருவதாகச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் உறை போட்டு, நாற்காலி மாறும்போதெல்லாம் ஸ்பிரிட்டால் துடைக்கலாம், தொடுகிறவர் கை கழுவட்டும் என்றார். “எல்லாம் செய்யறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் டாக்டர். இந்த டி.வி. ரிமோட்ட எட்டுப் பேரும் தொடறோம். அத எப்ப தொடச்சீங்க?”

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தார்.

எட்டே முக்கால். தையற்காரம்மாவின் உதடு வெளுத்திருந்தது. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் நிர்வாகியை வாசல் பக்கம் அழைத்துப் போய்ப் பேசினார். போய் வந்த நிர்வாகி கையில் நான்காம் துண்டு இருந்தது. பிரித்த தாள்கள் ஒவ்வொன்றும் அலுவலகப் பிளாஸ்டிக் உறைக்குள், ஸ்பிரிட் வாசனையோடு. ஜெயித்தவருக்குத் தருவதுபோல அவர் அதை மூன்றாம் நாற்காலியிடம் நீட்டினார். தையற்காரம்மா முகவாயால் ஐந்தாம் நாற்காலியைக் காட்டினார்.

சிஸ்டர் ஊசியோடு குனிந்தார். “இப்பவாவது குடுங்கம்மா.”

“இருங்க.”

லாரிக்காரர் தாள்களை மார்மேல் சாய்த்து, விட்ட இடத்தைத் தேடினார். ஊதியிருந்த கட்டைவிரல் வழுக்கியது. உதடுகள் அசைந்தன. ஒரு வரி, இன்னொரு வரி. ஒரு பக்கம் முடிந்து, அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தையற்காரம்மா போர்வையை விலக்கி இடது கையை நீட்டினார்.