மோட்டாருக்குள் ஊற்றாத தண்ணீர்

கோபத்தோடுதான் இந்த வாரம் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

களமருதூரில் என் பெரியப்பா மகன் சேகர் அண்ணனுக்கு நிலம் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர் செல்வி. கணவரை இழந்தவர். நான் போனபோது நெல் பால் பிடிக்கும் நேரம். தண்ணீர் நின்றால் அத்தனையும் பதர்தான். நின்றுவிட்டது... போர்வெல்லில் இறக்கிய மறுநாளே மோட்டார் எரிந்துவிட்டது.

“இன்னாண்ணே ஆச்சு?” என்றேன்.

“இன்னா ஆவும்? எறக்கும்போது இந்தம்மா எதிர்ல வந்து நின்னுக்கினு இருந்துச்சு. அறுப்பு முடியட்டும், குத்தகைய வேற ஆளுக்கு வுட்டுடப் போறேன்.”

பக்கத்தில் நின்ற செல்வியின் காதில் விழும்படிதான் சொன்னார். அவரோ வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பெண் எதிரே நின்றால் செம்புக் கம்பி எரியுமா? அப்படியென்றால் வெல்டிங் பட்டறைக்குக் கரண்ட் எதற்கு?

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நானும் அண்ணனும் தியாகதுருகத்தில் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடைக்குப் போனோம். பிரித்ததும் கருகிய நாற்றம். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“தண்ணி ஊத்தாமலேவா எறக்குனீங்க?” என்றார் கடைக்காரர்.

தெரியாதவர்களுக்காக — போருக்குள் மூழ்கி ஓடும் இந்த வகை மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் நிரப்பித்தான் இறக்க வேண்டும். ஓடும்போது உள்ளே எழும் சூட்டை வாங்கி வெளியே கடத்துவது அந்தத் தண்ணீர்தான். அது இல்லையென்றால், போர் நிறையத் தண்ணீர் இருந்தாலும் மோட்டார் வெந்துவிடும்.

இறக்கிய மெக்கானிக்குக்கு போன் போட்டேன். “நல்ல நேரம் முடியப் போவுதுன்னு அவசரப்படுத்தினாங்க... மறந்துட்டேங்க.”

இறக்கிய அன்று மோட்டாருக்கு மஞ்சள், குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். தேங்காய் உடைத்து அந்தத் தண்ணீரை மோட்டார் மேலேயே தெளித்தார்கள். எல்லாம் வெளியே! உள்ளே ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. செய்ய வேண்டியதைக் கோட்டைவிட்டுவிட்டு, பழிபோட ஒரு பெண்ணைத் தேடுகிறீர்களே — அதில்தான் சண்டை.

வயலுக்குத் திரும்பியதும், செல்வியும் கேட்க, அண்ணனிடம் கத்தியே விட்டேன். அவர் அசரவில்லை. “அது சரி தம்பி... இருந்தாலும் அடுத்த தபா அந்தம்மா கொஞ்சம் தள்ளியே நிக்கட்டும்.”

இருந்தாலுமாம்! உண்மையைக் கண்ணால் பார்த்த பிறகும் நம்மிடம் ஒரு ‘இருந்தாலும்’ மிச்சமிருக்கிறது.

முந்தாநாள் மோட்டாரைச் சரிசெய்து மறுபடி இறக்கப் போனார்கள். அதற்குள் மேட்டுப் பக்கப் பயிர் காய்ந்துவிட்டது. செல்வி ஒரு குடம் குடிதண்ணீரோடு நேரே வந்தார். யாரையும் கேட்கவில்லை. மெக்கானிக்கை மூடியைத் திறக்கச் சொல்லி, வழியும்வரை தன் கையாலேயே ஊற்றினார்.

இறக்கி ஸ்விட்சைப் போட்டதும் குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. “நம்ம சேகரு கைராசி!” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

செல்வி திரும்பினார். “எரிஞ்சா என் ராசி, ஓடினா அவரு ராசியா?” பிறகு அண்ணனைப் பார்த்து, “குத்தகைய வேற ஆளுக்கு வுடறதா இருந்தா, எங்கிட்ட இன்னா தப்புன்னு சொல்லிட்டு வுடுங்கண்ணே” என்றார்.

அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.