பிள்ளையை நெஞ்சோடு கட்டும் துணி

வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டு முறை அலசிக் காயப்போட்டு, கஞ்சிப்பசை முழுக்கப் போய்விட்டதா என்று கன்னத்தில் உரசிப் பார்த்த பிறகுதான் குளோரி கத்தரியை எடுத்தாள். பட்டன் கிடையாது, கொக்கி கிடையாது. தோளில் முடிவதற்கு நாடா மட்டும். தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம். உள்ளே இருக்கப்போகிறவனுடைய தோல் வெங்காயச் சருகு போன்றது. ஒரு நூல்முடிச்சு பட்டாலும் சிவந்துவிடும்.

தம்பியின் பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒன்றேகால் கிலோ. தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டிவைத்தால் சூடு நிற்கும், எடையும் ஏறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "அத்தைக்காரி தையல்காரியாச்சே, அளவா ஒண்ணு தச்சுக் கொண்டு வாங்க" என்றாள் நர்ஸ்.

குளோரி கோட்டாற்றில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் மெஷின் போட்டிருந்தாள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்தே தைக்கக் கற்றவள். அம்மா சாகும்போது தம்பி பெர்லின் சின்னப் பையன். அவனை வளர்த்து, பெயிண்ட் வேலையில் சேர்த்து, ரேஷ்மியைக் கட்டிவைத்து நிமிர்ந்தபோது, குளோரியின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதை ஊரே நிறுத்தியிருந்தது. அவளும் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

பிள்ளையுண்டானவர்களின் துணிக்கு இருபுறமும் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பது அவள் வழக்கம். மாதம் ஏற ஏறப் பிரித்து அகலமாக்கிக்கொண்டே போவாள். ரேஷ்மியின் நைட்டியை ஒரே ஒரு தடவைதான் பிரித்தாள். அதற்குமேல் வயிறு பெருக்காததால் தேவைப்படவில்லை. ஒல்லி உடம்பு, அதனால்தான் என்று எல்லோரையும் போல அவளும் நினைத்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் வார்டில் ரேஷ்மி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மைனி, அரிசிப் பானைக்குப் பின்னால ஒரு பவுடர் டின் இருக்கும். கொண்டு வருவியளா? அவியகிட்ட சொன்னா மறந்துருவாவ."

"என்னதுட்டி அது?"

"பச்சிலைதான். கருப்பட்டிச் சாயாவுல போட்டுக் குடிச்சா ஓக்காளம் நிக்கும், உறக்கமும் வரும். இங்க கண்ணே மூட முடியல."

"டாக்டர் தந்த வாந்தி மாத்திரைய என்ன செய்த?"

"அய்யோ, அதெல்லாம் கெமிக்கல். பிள்ளைக்குக் கேடுன்னு ஒண்ணுகூட தொடல மைனி. இது மண்ணுல மொளைக்கதுதானே."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பிள்ளையை எதுவும் அண்டவிடாமல் காத்தவளின் பெருமை.

வீட்டில் டின்னைத் திறந்ததும் குளோரிக்கு வாடை தெரிந்துவிட்டது. தம்பியின் வேலைச் சட்டைகளில் பெயிண்ட் நெடியோடு கலந்து வரும், இன்னதென்று கேட்க மனம் வராத அதே வாடை. பெர்லின் வாசலில் நின்றிருந்தான்.

"ஏலே, வயித்துப் பிள்ளக்காரிக்குக் கஞ்சாவா குடுத்த?"

"கத்தாத யக்கா. ஒரு வாய் சோறு எறங்காம கெடந்தா. இதைக் குடிச்ச பெறவுதான் தின்னா. மருந்தாட்டுதான் குடுத்தேன்."

"உனக்க பிள்ள கையும் காலும் வெட்டிவெட்டி நடுங்குகான். பாத்தியா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன? டாக்டர்ட்ட போய் ஊதிராத. போலீஸ் வந்தா வேலையும் போச்சு, மானமும் போச்சு. என்னைய வளத்தது காட்டிக்குடுக்கதுக்கா?"

குளோரி பின்கட்டுக்குப் போனாள். டின்னைக் கக்கூசில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். பெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

காலையில் நாடாவை அடித்து முடித்து, துணியைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். வார்டில் ரேஷ்மி பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டின் எங்க மைனி?"

"கொட்டிட்டேன். அது கஞ்சா மக்கா."

ரேஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும். பொகைச்சாத்தான் கேடு, அவிச்சுக் குடிச்சா மருந்துன்னு அவிய சொன்னாவ."

"கடைசியா எப்ப குடிச்ச?"

"அவிய ஃப்ளாஸ்குல கொண்டு வந்தாவ. நேத்தைக்குத்தான் தீந்துது."

குளோரி கிண்ணத்தைப் பார்த்தாள். "டாக்டர்ட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"அவியள புடிச்சிட்டுப் போயிருவாவ மைனி."

"போனா நான் போய் நிக்கேன். அவன் எனக்க தம்பி. இந்தப் பால் பிள்ளைக்க வயித்துக்குள்ள போவக்கூடாது."

டாக்டர் வந்தபோது ரேஷ்மியே சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் திட்டவில்லை. அது குளோரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இதனாலதான் எடை குறைஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வயித்துல பிள்ளையோட வளர்ச்சிய இது குறைக்கும். பாலிலயும் இறங்கும், பல நாள் நிக்கும். இனி ஒரு சொட்டு தொடக்கூடாது. பால் வத்தாம இருக்கப் பீய்ச்சிக்கிட்டே இருங்க. இப்போதைக்குப் பிள்ளைக்கு வேற தாய்மார் தந்த பால் கொடுக்கிறோம்."

"பிழைப்பானா?" என்று குளோரி கேட்டாள்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. இதைச் சொன்னது நல்லது."

நர்ஸ் கிண்ணத்தை எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினாள். பால் போகும் சத்தம் நிற்கும்வரை ரேஷ்மி அசையவில்லை. பிறகு கேட்டாள், "நெஞ்சில வச்சுக்கலாமா? அதுவும் கூடாதா?"

"வச்சுக்கலாம். வைக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பிள்ளையை எடுத்துவர உள்ளே போனாள்.

குளோரி பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள். பால் ஈரம் காயாத கைகளை நைட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ரேஷ்மி அதை வாங்கிக்கொண்டாள்.