சாம்பிளுக்கு வந்த நாய்

சும்மாவே தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டையின் வாயில் தெரியும் மிளகை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. குத்தூசியை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் செருகி எடுப்பேன். எடுத்ததை வெள்ளைத் துணியில் தேய்த்தால் எண்ணெய் பூசின மிளகு தானே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரில் போட்டால் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கும், கலப்படத்துக்குச் சேர்த்த பப்பாளி விதையும் மிதக்கும். இருபது வருஷம் இதையே செய்தவனுக்கு மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். அதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணன் வீட்டு மாடியில் பத்தொன்பது வருஷம் இருந்தோம். போன வருஷம்தான் சந்துக்குள் இரண்டு அறையும் சமையலறையுமாக எங்களுக்கென்று ஒரு வீடு அமைந்தது. வாசல் கதவைத் திறந்தால் நேரே சந்து. பின்பக்கம் சுக்கு குடோனின் சுவர். முதல் நாள் என் மனைவி அடுப்பை ஜன்னலோரம் வைத்தாள், பிறகு எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள், மறுபடியும் ஜன்னலுக்கே கொண்டுபோனாள். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தோஷம்.

மூன்றாவது வாரம் பட்டப்பகலில் ஒருத்தன் உள்ளே வந்து சமையலறை வரைக்கும் போயிருக்கிறான். அவள் திரும்பி நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அரிசி டின் மேல் இருந்த செல்போனை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். எதிர்வீட்டுச் சேச்சி அவன் வெளியே போவதைப் பார்த்ததாகச் சொன்னாள். பார்த்தவள் ஏன் சத்தம் போடவில்லை என்று அவளையும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன்.

“பேசாம இங்கயே திரும்பி வந்துடுங்க” என்றார் அண்ணன்.

“அங்க நான் வரமாட்டேன்” என்று இவள் அழுதாள். “என்ன ஆனாலும் சரி, இது என் வீடு.”

பகலெல்லாம் அவள் தனி. மகனுக்குப் பெங்களூரில் வேலை. அவள் பத்திரமாக இருந்தால்தான் இந்த வீடு எங்களுக்கு நிலைக்கும், இல்லையென்றால் மறுபடியும் அண்ணன் வீட்டு மாடிதான். நாய் வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவே அவள்மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஆளே மாறியிருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் இல்லை. சாயா வேண்டும் என்றால் சோறு போட வருவாள். டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பாள். என்மேல் என்னவோ மனத்தாங்கல், வாயைத் திறந்து சொல்லாமல் வைத்து வாட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நாய் தேடுவதாகத் தெரிந்ததும் எதிர்வீட்டுச் சேச்சி ஒரு பூனைக்குட்டியை நீட்டினாள். பூனை எந்தத் திருடனைத் தடுக்கும்? அவ்வளவு ஆசையாகத் தள்ளிவிடப் பார்க்கிறாளே என்று வேண்டாம் என்றேன். பிறகு ஆலுவாவில் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தன் உயர்ந்த ஜாதிக் குட்டி என்று ஒன்றைக் காட்டினான். கரேலென்று மின்னியது. கைக்குட்டையை நனைத்து அதன் முதுகில் தேய்த்துப் பார்த்தேன். துணியில் கறுப்பு ஒட்டியது. அது சாயமா அழுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விற்கிறவன் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் மறக்கவில்லை.

அடுத்தது கும்பளங்கி. இறால் பண்ணைக் காவல்காரர் ஒருவர், குத்தகை முடிந்து மகன் வீட்டுக்குப் போகிறாராம், நாயைச் சும்மாவே தருகிறேன் என்றார். மண் நிறத்தில் சாதாரண நாட்டு நாய். அன்னியன் நான் போய் நிற்கிறேன், ஒரு குரைப்பு இல்லை. நேராக அவரிடம் போய் முழங்காலில் மூக்கால் முட்டியது. அவர் திரும்பி என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டது.

“குரைக்காதா?”

“குளத்துல காத்தடிக்கிற மோட்டார் எந்நேரமும் ஓடும் சேட்டா. குரைச்சா யாருக்குக் கேக்கும்? ஆள் வந்தா இப்படித்தான் வந்து முட்டும்.”

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். ஊமை நாயைத் தலையில் கட்டுவதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. இருந்தாலும் என் வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் இன்னும் இரண்டு தடவை போனேன், ஒரு நாள் மத்தியானம், ஒரு நாள் சாயங்காலம். இரண்டு தடவையும் அது குரைக்கவில்லை, அவரைத்தான் முட்டியது. காவலுக்கு ஆகாது என்று கழித்துவிட்டேன்.

கடைசியில் இடக்கொச்சியில் ஒரு ஐஸ் கம்பெனி வாசலில் நான் தேடியது கிடைத்தது. நான் தெருமுனையில் திரும்பும்போதே குரைக்க ஆரம்பித்து, தொண்டை கட்டும் வரை நிறுத்தவில்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே குரைப்பு. எனக்குப் பரம திருப்தி. ஆனாலும் சாம்பிள் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லையே. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

முன்னறையில் ஜன்னல் கம்பியில் கட்டினேன். மனைவி எட்டிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, சந்துமுனையில் வேறு சட்டை மாற்றிக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, திருடன் மாதிரியே திரும்பி வந்தேன்.

நாய் கூரை பிய்ந்து போகிற மாதிரி குரைத்தது. எதிர்வீட்டுச் சேச்சி வெளியே ஓடி வந்தாள். மாடி வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நான் சுவரோரமாக ஒட்டி, கயிறு எட்டாத பக்கமாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். அவள் திரும்பி நின்று குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள்.

திரும்பவில்லை.

நாய் இன்னும் குரைத்துக்கொண்டுதான் இருந்தது. என் காதே அடைத்துப்போனது. நான் இன்னும் ஓர் அடி வைத்தேன். அவள் கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். உப்புப் பார்த்தாள். அரிசி டின் பக்கத்தில், அந்தத் திருடன் நின்ற இடத்திலேயே நான் நின்றிருந்தேன். அவளுடைய ஜாக்கெட்டின் பின்பக்கம் வியர்வையில் நனைந்திருப்பது தெரிந்தது.

என் நிழல் அடுப்பில் விழுந்ததும் திரும்பியவள் வீரிட்டுக் கத்தினாள். கரண்டி கீழே விழுந்தது. நான் துண்டை இழுத்து அவிழ்த்தேன். அவள் என் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

“எவ்வளவு நாளா?” என்றேன்.

“இங்க வந்த புதுசுல, ஓணத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அப்போலேருந்து. முதல்ல ஒரு காது. அப்புறம் ரெண்டும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, தனியா இருக்கக்கூடாதுன்னு மாடிக்கே கூட்டிட்டுப் போயிடுவீங்க.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது அவள்மேல் இல்லை. ஆலுவா நாயின் முதுகைத் துடைத்துப் பார்த்தவன், கும்பளங்கிக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போனவன், கூடவே இருக்கிறவளை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, முன்னறையைக் காட்டிக் கேட்டாள்: “அது குரைக்குதா இப்போ?”

இடக்கொச்சி நாயை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். என்ன குறை என்று கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை என்றேன். நான் ஒரு சரக்கை அப்படிச் சொல்லித் திருப்பியது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து நேரே கும்பளங்கிக்குப் போனேன். வேறு யாராவது கொண்டுபோயிருப்பார்களோ என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. காவல்காரர் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நாய் என்னைக் கண்டதும் அவரிடம் போய் முட்டியது.

“இன்னும் ஒரு தடவை பாக்கணுமா சேட்டா?” என்று சிரித்தார். வேண்டாம், கயிறு இருந்தால் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காதில் மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கலாம் என்றார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. நாய் பத்து நாள் யாரையும் முட்டாமல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. பதினொன்றாம் நாள் மண்டியிலிருந்து வந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. நான் கூப்பிடவில்லை. சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

“வந்துட்டீங்களா?”