சொந்தக்காரர் தூர நில்லுங்கோ

பவளக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் விசுவமடுச் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மகள் தொலைபேசியில் அழுதழுது சொன்னாள். சிறுநீரக வருத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இவ்வளவு கெதியாகப் போவார் என்று எவரும் நினைக்கவில்லை. எனக்கு உடனே அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நான் வேலைசெய்யும் நெல் ஆலையின் கழிவுக் கிடங்கைத் துப்புரவாக்கும் வேலை கிட்டடியில் இருந்தது. வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு வரும் கொந்தராத்துக் குழுவோடு என் மகன் கபிலன் அதற்குள் இறங்குவதாகப் பேச்சு. மேலே நின்று பார்க்கப் பவளக்கா இல்லை. அவரை நினைத்து அழுவதற்கு முன் என் பிள்ளையை நினைத்து நடுங்கினேன். அவர் இருந்திருந்தால் கோபித்திருக்க மாட்டார்.

எங்கள் நெல் ஆலையில் அவரோடு வேலைசெய்த உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூரைத் தகரம் மாற்ற, மோட்டர் பூட்ட, கொதிகலன் திருத்த என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் வந்தபடியே வீடு திரும்புகிறார்களா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. நிர்வாகம் அந்த வேலைக்கு நீளமான ஒரு பெயர் வைத்திருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் 'பயந்தாங்கொள்ளி அக்கா'. அது அவருக்கும் தெரியும். "ஓம், பயம்தான். பயமில்லாத ஆக்கள் வேறை ஆலைக்குப் போங்கோ" என்பார்.

ஸ்கந்தபுரத்துக் குணம் முதன்முதலாகக் கிடங்கு வேலைக்குத் தன் ஆட்களோடு வந்த காலை நினைவிருக்கிறது. பவளக்கா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இதிலை ஆர் ஆருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

"ஏனக்கா, சம்பந்தம் பேசப் போறியளோ?" என்று குணம் சிரித்தான். "இவன் சுதன், என்ரை தம்பி. மற்றவங்கள் அயல்."

"அப்ப தம்பி உள்ளுக்கு இறங்கினால் நீர் ஆலை வாசல் கேற்றுக்கு வெளியிலை நிக்கவேணும்."

"சொந்தக்காரன் எண்டால்தானே கயித்தை விடமாட்டன்?"

"விடமாட்டீர். அதுதான் பயம். கயித்தோடை நீரும் இறங்குவீர்."

புழுங்கல் நெல் ஊறிய தண்ணீர் வந்து சேரும் ஆழமான, மூடிய கிடங்கு அது. பவுசர் வண்டி வந்து தண்ணீரை உறிஞ்சினாலும் அடியில் சேறு மிஞ்சும். அதை வழிக்க ஆள் இறங்கத்தான் வேண்டும். சேற்றைக் கிளறினால் நச்சுக் காற்று எழும். நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்; பிறகு ஒன்றும் தெரியாது. மூடியை முதல்நாளே திறந்து விடுவது, காற்றாடியால் உள்ளே காற்று ஊதுவிப்பது, இறங்குபவனின் நெஞ்சில் கயிறு கட்டுவது என்று எல்லாவற்றையும் பவளக்கா தானே நின்று செய்விப்பார். செய்தபிறகும் பயப்படுவார். அவர் பயந்தது காற்றுக்கு மட்டுமல்ல, எங்கள் சனத்தின் நல்ல மனத்துக்கும்தான். யுத்த காலத்தில் செல்லடிக்குள் பங்கரிலிருந்து ஆளை ஆள் இழுத்தெடுத்துத் தப்பி வந்தவர்கள் நாங்கள். ஒருவன் விழுந்தால் யோசிக்காமல் பாய்வதுதான் எங்களுக்குத் தெரியும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில் ஒருமுறை சொன்னார். "பக்கத்துக் காணிக்காரன் கிணத்துக்குள்ளை மெசினை இறக்கி வச்சுத் தண்ணி இறைச்சவன். புகை அடிச்சு மயங்கிட்டான். எங்கடை அண்ணை ஓடிப்போய் இறங்கினவர். ரெண்டு பேரையும் பிரேதமாத்தான் எடுத்தது." பிறகு சொன்னார்: "முதலாவது ஆள் தெரியாமல் சாகிறான். ரெண்டாவது ஆள் நல்லவன் எண்டதாலை சாகிறான்." நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்துவிட்டேன்.

அவர் பயந்தது ஒருநாள் நடந்தது. சுதன் கிடங்குக்குள் சேறு வழித்துக்கொண்டு நின்றவன், கூப்பிட்டதற்குக் குரல் தராமல் அப்படியே சரிந்தான். நானும் மூட்டை தூக்குகிற ஆட்களும் கயிற்றைப் பிடித்திருந்தோம். எங்கள் சத்தம் கேட்டுக் குணம் கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். பவளக்கா கிடங்கின் வாய்க்குக் குறுக்கே விழுந்து அவனுடைய கால்களைக் கட்டிப் பிடித்தார். "விடுங்கோ அக்கா, என்ரை தம்பி!" என்று கத்திக் கத்தி அவருடைய தோளில் அடித்தான். அவர் விடவில்லை. "இழுங்கோடா! இழுங்கோடா!" என்று எங்களைப் பார்த்து அலறினார். சுதனை மேலே எடுத்துப் போட்டபோது மூச்சு இருந்தது. குணம் உள்ளே பாய்ந்திருந்தால் அவனைக் கட்டி இழுக்கக் கயிறு இல்லை. எங்களில் இன்னொருவனும் பின்னால் பாய்ந்திருப்பான்.

சுதன் ஆஸ்பத்திரியால் வந்தபிறகு குணம் வாழைக்குலையோடு அக்கா வீட்டுக்குப் போனான். "சொன்ன இடத்திலை நிண்டிருந்தால் என்ரை தோள் மிஞ்சியிருக்கும்" என்று ஏசிவிட்டு அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். பிறகு நிர்வாகத்தோடு சண்டை பிடித்துக் காற்றைச் சோதிக்கும் கருவி வாங்குவித்தார். அது சரி என்று காட்டினாலும், ஆள் மேலே ஏறும்வரை நொடிக்கொருதரம் பேர்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். நாங்கள் அதையும் பகிடி பண்ணினோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று அவர் வீட்டு முற்றத்தில் குணம் என் பக்கத்தில் வந்து இருந்தான். கபிலன் இறங்கவிருந்தது அவனுடைய குழுவோடுதான். அக்காவின் வேலையை இப்போதைக்கு நான் பார்க்கவேண்டும் என்று நிர்வாகம் சொன்னது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கபிலன்தான் இறங்கிறனெண்டு நிக்கிறான். நீங்கள் எங்கை அண்ணை நிக்கப்போறியள்?"

வேறு யாரையாவது இறக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வேறொருவனுக்கும் ஒரு தகப்பன் இருப்பான். கிடங்கடியில் நின்று மகனைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இவ்வளவு நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவன் சரிந்தால் நான் பாய்வேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பவளக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது என்னை நானே நம்பாத இந்தப் பயம்தான். இதை விட்டுவிட மாட்டேன்.

"கேற்றுக்கு வெளியிலை" என்றேன். "நீர் கிடங்கடியிலை நில்லும். கேற்றை உள்ளாலை பூட்டும் குணம். நான் என்ன சொல்லிக் கத்தினாலும் திறக்காதையும்."