நன்றி வரியில் என் பெயர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். அம்மா இல்லை. நான் ஒரே பிள்ளை. ஆய்வு வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு ரயிலேறி, பாறசாலையில் இறங்கி, நேரே காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

விண்மீன் மண்டலக் கூட்டங்களை எடைபோடுவது என் வேலை. அந்த எடையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது, தனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் மண்டலங்களின் ஒளியை வளைத்து, அவற்றின் உருவத்தை லேசாக இழுத்துக் காட்டும். அந்த இழுபாட்டை அளந்தால் எடை எங்கே குவிந்திருக்கிறது என்று வரைந்துவிடலாம். அப்பாவின் கட்டிலருகே மடிக்கணினியோடு உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். நான் அளந்த மண்டலக் கூட்டத்தில், வெளிச்சமே இல்லாத ஓரத்தில் இன்னொரு எடைக் குவியல் தெரிந்தது.

வழிகாட்டி நம்பவில்லை. "பிழை. தேடிப் பார்" என்றார். மங்கலான உருவங்களை நீக்கிவிட்டு முதலிலிருந்து அளந்தேன். குவியல் அங்கேயேதான் இருந்தது. எல்லாவற்றையும் அனுப்பினேன். பதில் இல்லை.

குன்னத்துகால் வீட்டில் அப்பாவைக் கைபிடித்து நடக்கப் பழக்கிக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் குவியலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. என் வரைபடம்தான், நிறங்களைக்கூட மாற்றவில்லை. முதல் பெயர் எனக்குப் பின் சேர்ந்த மாணவருடையது. என் பெயர் கடைசியில், பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி சொல்லும் வரியில் இருந்தது.

வழிகாட்டியைக் கூப்பிட்டேன். "இன்னொரு குழுவும் இதைத் துரத்திக்கொண்டிருந்தது. நீயோ விடுப்பில் இருந்தாய்" என்றார் ஆங்கிலத்தில், அன்பான குரலில்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"மக்கா, அதுல ஒனக்க பேரு உண்டா?"

"உண்டுப்பா. கடைசியில."

"கடைசியிலயா? எனக்க கட்டிலுக்க பக்கத்துல இருந்து நீயாக்கும் எல்லாம் செஞ்சது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இன்னும் தெளியாத நாக்கால், "நான் அண்ணைக்கே செத்திருந்தா ஒனக்க பேரு மொதல்ல வந்திருக்கும்" என்றார்.

இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். ஒரு குழு விசாரித்தது. 'நன்றி தெரிவிக்கப்பட்டுள்ளது' என்று முடித்துவிட்டார்கள். நான் திரும்பிப் போகவில்லை. இப்போது நெய்யாற்றின்கரையில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

போன மாதம் வழிகாட்டி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இன்னொரு மண்டலக் கூட்டத்தை எடைபோட, நான் எழுதிய கணினி நிரல் ஓடவில்லையாம். கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். வகுப்புக்கு நேரமாகியிருந்தது. மின்னஞ்சலை அழித்துவிட்டுப் போனேன்.