கரீம் பாய் மூக்கில் மாஸ்க் ஏறிய கதை

மூச்சு வாங்குகிறவர்களுக்கு நடுவில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: நோயாளி அதிகம் பேசமாட்டார். அவர் விட்டுவைத்த பேச்சையும் சேர்த்து அவருடைய சொந்தக்காரர்கள் பேசிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக் காலில் போட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது அவர்களுக்குப் புரியும்.

இங்கே எழுதப்போவதில் கடைசியாக வரும் சம்பவத்தைப் பல வருஷங்களாக நான் நம்பவில்லை. முழுக்க நம்பாமலும் இருக்க முடியவில்லை. அது நடந்தபோது நான் அங்கே இல்லை. சொன்னவர் கரீம் பாய். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது வார்டு முழுக்கத் தெரியும். எந்தப் பாதியை என்பதுதான் யாருக்கும் தெரியாது.

சிஸ்டரண்ணா

எண்பதுகளில் அரூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். ஆண் நர்ஸ் என்றால் ஜனங்களுக்கு என்னவென்று விளங்காத காலம். கம்பவுண்டர் என்பார்கள், சின்ன டாக்டர் என்பார்கள், சட்டை வெள்ளையாக இருந்ததால் ஒருவர் சர்வர் என்றே கூப்பிட்டார். எங்கள் வார்டின் ஒரு மூலையில் பச்சைத் துணி கட்டி இரண்டு கட்டில் போட்டிருந்தோம். வெளியே 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று போர்டு. ஊர்க்காரர்கள் அதைத் திரைக்கட்டில் என்பார்கள். அங்கே போனவர் திரும்புவதில்லை என்று ஒரு பேச்சும் இருந்தது.

ஒரு கட்டிலில் மாதையன். தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமத்தில் நிலக்கடலை போடுகிற விவசாயி. சளிக்காய்ச்சல் முற்றி இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா. அவர் மனைவி மாதம்மாள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நர்ஸ்தான், பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று அவரிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். "ஆம்பளையப் பேரு சொல்லிக் கூப்புட எனக்கு வாய் வராதுங்க, சிஸ்டரண்ணா."

காத்து

ஆக்ஸிஜனுக்கு எங்கள் வார்டில் 'காத்து' என்று பெயர். டாக்டர் உட்பட எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மாதையனைப் பார்த்த டாக்டர், "காத்து பத்தலைம்மா. உடனே காத்து வெக்கணும்" என்றார். மாதம்மாள் எழுந்து டாக்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். அவர்கள் ஊரில் காத்து என்றால் பேய். காய்ச்சல் கண்டதும் முதலில் பூசாரியிடம்தான் போயிருக்கிறார்கள். அவர் வேப்பிலை அடித்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, காத்தை இறக்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாதம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "அரும்பாடு பட்டு நேத்துத்தானுங்க எறக்குனோம். நீங்க மறுபடியும் ஏத்தறேங்கறீங்களே!"

கழுவிய கிண்ணம்

எப்படியோ பேசி மாஸ்க்கை வைத்தோம். சிலிண்டரோடு இருந்த பாட்டிலில் தண்ணீர் குமிழி விடத் தொடங்கியது. குமிழி வருகிறவரை ஆள் நன்றாக இருக்கிறார் என்று மாதம்மாளுக்குச் சொல்லிவைத்தேன். பாலைப் பொங்கவிடாமல் காவல் காக்கிறவர் போல அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

மறுநாள் சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் வருகிற சளியைக் கிண்ணத்தில் பிடித்து லேபுக்குத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மாதையன் பாவம், மூச்சு முட்ட இருமி, நல்ல மாதிரியாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் கைக்கு வந்த கிண்ணமோ பளபளவென்று இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திருப்பது நன்றாகத் தெரிந்தது. எங்கே சளி என்று கேட்டேன். மாதம்மாளுக்கு என் புத்தியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "படிச்ச பெரியவங்க கையில எச்சியவாங்க குடுப்பாங்க? கழுவிட்டேன்."

மெத்தை நிபுணர்

அடுத்த கட்டிலில் கரீம் பாய். தருமபுரிக்காரர். பஞ்சு அடித்து மெத்தை தைப்பது தொழில். காரிமங்கலம் சந்தை, மொரப்பூர் என்று ஊர் ஊராகப் போய்த் தைத்துக் கொடுப்பார். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய், சளி பிடித்தாலே இழுப்பு வந்துவிடும். வந்த அன்றே கட்டிலைக் குத்திப் பார்த்துவிட்டு, "இது மெத்தையா தம்பி? உள்ள கல்லு போட்டுத் தெச்சிருக்கான்" என்றார். வார்டிலிருந்த மற்ற மெத்தைகளையும் குத்திப் பார்க்க எழுந்தவரை நான்தான் பிடித்து உட்காரவைத்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒத்துழைப்பவர் மாஸ்க்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஊசி போடலாம், மாத்திரை கொடுக்கலாம், ஆவி பிடிக்கச் சொல்லலாம். மாஸ்க் மட்டும் கூடாது. நான் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதைக் கழற்றிச் சிலிண்டரின் கழுத்தில் மாலை போட்டதுபோல மாட்டிவிடுவார். வம்பு பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் நான் கோபித்துக்கொண்டபோது சிரிக்காமல் பதில் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "எங்கண்ணனுக்கு இதை வெச்சாங்க தம்பி. வெச்ச அன்னிக்கே போயிட்டாரு."

போர்வை

மாதையனுக்குக் குளிரெடுத்தது. வீட்டிலிருந்து ஒரு போர்வை வேண்டும் என்று அவர்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் கண்டக்டரிடம் மாதம்மாள் சொல்லி அனுப்பினார். "அவருக்கு இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்குது. எங்கண்ணங்கிட்ட ஒரு துணி குடுத்தனுப்பச் சொல்லுங்க." அவர் சொன்னது மூச்சு இழுப்பதைத்தான். ஆனால் ஆள் இழுத்துக்கொண்டிருக்கிறார், மச்சான் துணி கொண்டுவர வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் வேறு என்ன புரிந்துகொள்வார்கள்?

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லர் நிறைய ஜனம். மாதம்மாளின் அண்ணன் பெருமாள் கையில், பிணத்துக்குப் போர்த்துகிற, மடிப்புக் கலையாத கோடித்துணி. ரோஜா மாலை. இரண்டு மேளக்காரர்கள் வேறு. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்து, கண்ணை விழித்துப் பார்த்த மாதையனைக் கண்டதும், பாதி ஒப்பாரியில் அப்படியே நின்றுவிட்டார்கள். பெருமாள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே குரல் கொடுத்தார். "ஏம்பா, உசுரு இருக்குது! மேளத்தை எறக்கி வெச்சுட்டுப் போயி டீயக் குடிங்க!"

திரைக்குப் பின்னால்

சிரிப்பு அத்தோடு தீர்ந்தது. மாஸ்க்கைப் பார்த்ததும் பெருமாளின் முகம் மாறியது. காத்து வைத்தால் ஆள் முடிந்தார் என்பது அவர் கண்டது, கேட்டது. முடியத்தான் போகிறார் என்றால் சொந்த வீட்டில் முடியட்டும். டிராக்டர் தயாராக நிற்கிறது. இப்போதே கொண்டுபோகிறோம் என்றார். மாதம்மாள் அழுதுகொண்டே தலையாட்டினார். மாஸ்க்கைக் கழற்றி, அந்த ரோட்டில், குலுங்குகிற டிரெய்லரில் கொண்டுபோனால் மாதையன் பாதி வழியைத் தாண்டமாட்டார் என்பது எனக்குத் தெரியும். சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மாதம்மாள் இல்லாமல் கிளம்பமாட்டார்கள் என்று அவரைச் சுடுதண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, டாக்டரைக் கூட்டிவர வெளிநோயாளிப் பிரிவுக்கு ஓடினேன்.

டாக்டரோடு திரும்பி வரும்போது டிராக்டர் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், டிரெய்லரில் மாதையன் இல்லை. பெண்களும் மேளமும்தான். வார்டுக்குள் மாதையன் மாஸ்க்கோடு அப்படியே படுத்திருந்தார். பாட்டிலில் குமிழி ஓடிக்கொண்டிருந்தது. கோடித்துணியை அவர் மேல் போர்வையாகப் போர்த்திவிட்டு, பெருமாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்ன முடிவு என்று கேட்டார். பெருமாள் எழுந்து நின்றார். "இருக்கட்டுமுங்க. பொறவு பாத்துக்கலாம்."

பாய் சொன்னது

என்ன நடந்தது என்று கரீம் பாய் சொன்னார். நான் போனதும் பெருமாள் மாதையனின் மாஸ்க்கில் கையை வைத்தாராம். பாய் தன் கட்டிலிலிருந்து, "யோவ், கையை எடு" என்று கத்தினாராம். "அவ்ளோ நல்லதுன்னா நீ ஏன்யா கழட்டி மாட்டியிருக்கே?" என்று பெருமாள் கேட்டாராம். அதற்குப் பாயிடம் பதில் இல்லை. தன்னிடம் பதில் இல்லை என்று அவரே சொன்னதுதான் இந்தக் கதையில் நான் உடனே நம்பிய ஒரே இடம்.

அப்போது பாய் தன் சிலிண்டர் கழுத்திலிருந்த மாஸ்க்கை எடுத்து மூக்கில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டாராம். "இப்ப நான் செத்தா உன் மேளத்தை எனக்கு அடி. சாவலைன்னா உன் மச்சானை விட்டுட்டுப் போ" என்றாராம். கூட்டம் முழுக்க மாதையனை விட்டுவிட்டு இவர் கட்டிலைச் சுற்றி நின்று இவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்ததாம். மேளக்காரர்கள்கூட டீயை விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு கிழவி பொறுக்கமாட்டாமல், "எப்பிடி இருக்குது சாயபு?" என்று கேட்க, இவர் மாஸ்க்கைத் தூக்கிப் பதில் சொன்னாராம். "சோடா குடிச்ச மாதிரி இருக்குது ஆயா!"

எந்தப் பாதி

மாதையன் பிழைத்தார். நடந்தே வாசலுக்குப் போய்த் தீர்த்தமலை பஸ் ஏறினார். பாய் நிஜமாகவே மாஸ்க்கை வைத்தாரா என்பதுதான் எனக்கு விளங்காமல் நின்றுவிட்டது. நான் பார்த்தபோது பாயின் மாஸ்க் வழக்கம்போல் சிலிண்டர் கழுத்தில்தான் தொங்கியது. அவர் மூக்கின் மேல் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. ஆனால் அவர் மூக்குக் கண்ணாடி போடுகிறவர். மாதையனுக்கு அன்று நினைவு சரியாக இல்லை. மாதம்மாள் சுடுதண்ணீருக்குப் போயிருந்தார். பெருமாளிடம் கேட்டேன். "அந்தப் பாய் பேசுன பேச்சுல எனக்கே மூச்சு முட்டிருச்சுங்க. வேறென்னத்தச் சொல்ல?"

பாய் வெறும் வாயால் பேசியே அவர்களை மடக்கியிருக்கலாம். அப்படியென்றால் அது ஒரு சாமர்த்தியம், அவ்வளவுதான். நிஜமாகவே மாஸ்க்கை வைத்துக்கொண்டிருந்தால் அது வேறு சங்கதி. அதை மூக்கில் வைக்கவே அஞ்சிய மனிதர் அவர். நான் அங்கேயே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆக்ஸிஜனைப் பற்றி அவர்களுக்கு இன்னொரு பாடம் எடுத்திருப்பேன். பாடம் நடக்கும்போதே மாதையனை டிராக்டரில் ஏற்றியிருப்பார்கள்.

போன வருஷம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பாயைப் பார்த்தேன். மகன் ஃபோம் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். அதையும் குத்திப் பார்த்து ஏதோ குறை சொன்னார். பிறகு அந்தக் கதையை ஆரம்பித்தார். இப்போது அதில் ஒரு போலீஸ்காரரும் சேர்ந்திருந்தார். மூச்சு விடமுடியாதவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்த இந்தத் தொழில், மூச்சு விடாமல் பேசுகிறவர்களை எவ்வளவு நம்புவது என்று மட்டும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் இருமுவதற்காக நிறுத்திய இடத்தில் கேட்டேவிட்டேன்.

"போலீஸ்காரர் இருக்கட்டும் பாய். அந்த மாஸ்க்க எடுத்து மூக்குல வெச்சேன்னு சொல்றீங்களே, அப்போ பொழச்சுக்குவோம்னு நெனச்சு வெச்சீங்களா, இல்ல, போயிடுவோம்னு நெனச்சும் வெச்சீங்களா?"