மீட்டர் அக்கா உட்கார்ந்த வருடங்கள்

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடம் தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து எண்ணைக் குறித்து வந்தவள். "இவ நடக்குறாளா, பறக்குறாளா?" என்று புருஷன் கேலி செய்வான்.

பிறகு தானாகவே அளவை அனுப்பும் மீட்டர்கள் வந்தன. அவளை மூன்றாம் மாடியில், புகார் அழைப்புகளைக் கேட்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். முதல் மாதம் சொர்க்கம்தான். வெயில் இல்லை, துரத்தும் நாய் இல்லை. ஏற இறங்க லிஃப்ட். செல்போனை இரண்டு தட்டு தட்டினால் மதியச் சாப்பாடு மேசைக்கே வந்துவிடும். அழைப்பு ஓய்ந்த நேரமெல்லாம் கை தன்பாட்டுக்கு பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. நாளெல்லாம் உட்கார்ந்திருந்தும், வீடு திரும்பும்போது ஏன் இத்தனை அலுப்பு என்று அவளுக்கே புரியவில்லை. ஐந்து வருடத்தில் இருபத்தொரு கிலோ கூடியிருந்தாள்.

ஒரு நாள் லிஃப்ட் பழுது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாண்டிப் போனவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள். அதுதான் சுட்டது.

அன்றே அதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், மேட்டுத் தெருவுல சிக்னல் கிடைக்காத மீட்டருங்க இருக்குல்ல? நான் போய்ப் பாக்குறேன்."

"அங்க எல்லாம் படிக்கட்டுதாம்மா. உங்களால முடியுமா?"

"முடியலன்னா பாதியில உக்காந்துக்குறேன் சார்."

முதல் நாள் பதினோரு வீடுதான் முடிந்தது. கடைசி வீட்டுப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முன்னாடி ஒல்லியா ஒரு அக்கா வருவாங்களே, அவங்க எங்க?"

"அவங்க மாத்தலாகிப் போயிட்டாங்க" என்றாள். வெளியே வந்ததும் சிரிப்பு வந்தது. இரண்டு படி இறங்குவதற்குள் அதுவே அழுகையாகிவிட்டது.

ஆனாலும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் மேட்டுத் தெரு, மூன்று நாள் அலுவலகம். ஒரு வருடத்தில் ஐந்து கிலோதான் இறங்கியது.

"இவ்ளோதானாம்மா?" என்றாள் மகள்.

"மீதி மூணு நாள் அதே சேர்தானேடி. அது சும்மா இருக்குமா?"

டாக்டர் மட்டும், ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்றார்.

அடுத்த வாரம், அவளைப் போலவே பெருத்துப்போயிருந்த பக்கத்து மேசைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "நானும் வரட்டுமாக்கா?" தெருவின் அடிவாரத்தில், படி குறைவான பத்து வீடுகளை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தாள்.